கோட்டுக்குக் கீழே

…முழங்காலைத்தான் பார்க்க வேண்டும், தலையைப் பார்க்கிறவன் ஏமாந்து போவான், இதை இந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது, கையில் ஒரு மெஷினைக் கொடுத்து அனுப்பிவிட்டால் கண்டக்டர் ஆகிவிடுமா, பின்வாசல் கம்பியில் கோடு கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது, எங்கள் காலத்தில் சிவப்பு பெயிண்ட், இப்போது மஞ்சள் ஸ்டிக்கர், கோட்டுக்குக் கீழே நிற்கிற பிள்ளைக்கு டிக்கெட் இல்லை, தலை கோட்டைத் தொட்டால் அரை டிக்கெட், அவ்வளவுதான் சட்டம், அந்தத் தாய்க்காரி பையனைக் கம்பியோடு ஒட்டி நிறுத்தித் தோளில் கை வைத்து அமுக்குகிறாள், பையனும் பேன்ட்டுக்குள்ளே ஒரு காலை மடக்கிக்கொண்டு நிற்கிறான், முழங்கால் இருக்கிற இடத்தில் துணி புடைத்துக்கொண்டிருக்கிறது, இது கூடத் தெரியாமல்… "இந்தாம்மா, அந்தப் பையன் காலை மடக்குறான் பாரு" என்றேன். கண்டக்டர் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "தெரியும் தாத்தா, போகட்டும் விடுங்க, இன்னும் ஆறு மாசம் போனா மடக்கினாலும் இடிக்கும், அப்ப பிடிச்சுக்கலாம்." தெரியுமாம், தெரிந்துகொண்டே விடுகிறாளாம். முப்பத்தொரு வருஷம் இதே ரூட்டில் பையை மாட்டிக்கொண்டு நின்றவன் நான், ஒருத்தனை விட்டதில்லை. ஒருத்தனை விட்டதில்லை என்று சொல்லும்போதே சட்டைப் பையில் இருக்கிற பழைய சீட்டு நெஞ்சில் உறுத்துகிறது, நாலாக மடித்த காகிதம், முப்பத்தைந்து வருஷத்துக் காகிதம், அதற்கு என்ன கனம் இருக்கும், ஆனாலும் உறுத்துகிறது.

பாலம் தாண்டியாகிவிட்டது, இன்னும் ஆறு ஸ்டாப், ஏழாவது எலும்பு ஆஸ்பத்திரி. மகன் அங்கே வாசலில் நிற்பான். போன வாரம் போனில் கூப்பிட்டான், இடுப்பு மூட்டு தேய்ந்துபோய்விட்டதாம், நாற்பத்தொரு வயதில் எழுபது வயதுக்காரனுக்குத் தேய்கிற மாதிரி, அறுத்து வேறு மூட்டு வைக்கப் போகிறார்களாம். "டாக்டர் பழைய கதை கேக்குறாருப்பா, எத்தனை வயசுல ஆரம்பிச்சது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி எவ்வளவு நாள் நொண்டுனேன்னு, எனக்கு அப்ப ஆறு வயசு, எனக்கென்ன தெரியும், அம்மா இருந்தா சொல்லியிருப்பா, நீங்கதான் வந்து சொல்லணும், அந்தக் காலத்து ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது கெடந்தா எடுத்துட்டு வாங்க" என்றான். கிடந்தது, தகர டப்பாவில், ரேஷன் கார்டுக்கு அடியில். இங்கிலீஷில் கிறுக்கியிருக்கிறது, எனக்குப் படிக்க வராது, ஆனால் நடுவில் ஒரு பத்து போட்டிருக்கிறது, ஒன்று, பக்கத்தில் சைபர், அதைப் படிக்கத் தெரியும். பத்து நாள். அது நான் சொல்லி அன்றைக்கு இருந்த டாக்டர் எழுதியது. பேசாமல் இந்தச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம், நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை, காகிதமே சொல்லிவிடும்… இவன் அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாளா, சொல்லியிருக்க மாட்டாள், முப்பது வருஷம் சொல்லாதவள் இப்போதா சொல்லப்போகிறாள், என்னை ஒரு பார்வை பார்த்திருப்பாள், அவ்வளவுதான்.

இரண்டு பிள்ளைகள் எனக்கு. பெரியவள், அவளுக்கு இரண்டு வருஷம் பின்னால் இவன். இவன் பேர் வீட்டில் பீப்பீ. எல்லாப் பிள்ளையும் அம்மா என்றோ அப்பா என்றோதான் முதலில் வாயைத் திறக்கும், இவன் என் விசிலைக் கேட்டுக் கேட்டு உதட்டைக் குவித்துப் பீ… பீ… என்றான், இரண்டு பீ என்றால் வண்டி புறப்படலாம், ஒரு பீ என்றால் நிறுத்து, அவன் அம்மா கஞ்சியைத் தூக்கிக்கொண்டு பின்னால் அலைவாள், வயிறு நிறைந்தால் ஒரு பீ, இன்னும் வேண்டுமென்றால் இரண்டு பீ. இதை எல்லாம் அவள்தான் பார்த்தாள். நான் விடியலில் போனால் விளக்கு வைத்த பிறகு வருகிறவன், பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது எல்லாம் எனக்குச் சேதியாகத்தான் வரும், அவள் வாசலிலேயே நின்று சொல்வாள், இன்னைக்கு நடந்துட்டான்ங்க, நாலு அடி வச்சான்… எனக்குச் சேதியில் நம்பிக்கை கிடையாது. பயணி சொல்கிற ஸ்டாப்பை எல்லாம் நம்பினால் கணக்கு தேறுமா, ஏறிய இடம் மார்க்கெட், தபாலாபீஸில் ஏறினேன் என்பான். அதனால் காக்கியைக் கூடக் கழற்றாமல் நடு வீட்டில் உட்கார்ந்துகொண்டு "எங்கே, நடந்து காட்டு" என்பேன். பிள்ளை தூக்கக் கலக்கத்தில் இருக்கும், அவள் எழுப்பி நிறுத்துவாள், அது கண்ணைக் கசக்கிக்கொண்டு நாலு அடி வைத்து என் முட்டியில் வந்து விழும், அப்போதுதான் சரி, நடந்துவிட்டான் என்று ஒப்புக்கொள்வேன். பல் முளைத்திருக்கிறது என்றாள், விரலை விட்டுப் பார்த்தேன், கடித்துவிட்டான், ரத்தம் வந்துவிட்டது, "இப்ப நம்புறீங்களா?" என்று கேட்டு அவள் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு பிறகு அவளிடம் நான் பார்க்கவில்லை. பெரியவள் படிக்கக் கற்றுக்கொண்டாள் என்று சொன்னபோதும் அப்படித்தான், டிப்போவுக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு வண்டியின் போர்டையும் காட்டி வாசி என்றேன், பதினேழு வண்டி, பதினாறை வாசித்துவிட்டாள், ஒன்றில் தடுக்கினாள், வழியெல்லாம் அந்த ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். எதற்குச் சொன்னேன், பதினாறு வாசித்தாளே… அதை ஏன் சொல்லவில்லை.

மார்க்கெட் ஸ்டாப். கூட்டம் ஏறுகிறது. அந்தப் பையன் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான், தாய்க்காரிக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது, இவன் இப்போது காலை மாற்றி மடக்கியிருக்கிறான். கள்ளன். வலது கால் வலித்தால் இடது கால். மாற்றி மாற்றி மடக்குகிறவன்தான் கள்ளன், அதை நான் அன்றைக்கு யோசித்தேனா, எப்போதும் ஒரே காலை மடக்குகிறவன் ஏன் மாற்றாமல் மடக்குகிறான் என்று… யோசிக்கவில்லை. கண்டக்டர் கண், கண்டக்டர் கண் என்று பீற்றிக்கொண்டேனே, அந்தக் கண்ணுக்கு அது ஏன் படவில்லை.

பெரியவளுக்குக் கோடு என்றால் ஆசை. பள்ளிக்கூடம் எங்கள் ரூட்டில்தான், என் வண்டியில்தான் அம்மாவோடு வருவாள், ஏறியவுடன் ஓடிப்போய்க் கம்பியில் ஒட்டிக்கொண்டு நுனிக்காலில் எம்புவாள், "தொட்டுட்டேனா? தொட்டுட்டேனா?" "இல்லை, குதிகாலைக் கீழே வை" என்பேன், எல்லாப் பிள்ளையும் குறுகி ஏமாற்றும், இது ஒன்றுதான் நீண்டு ஏமாற்றியது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை நிஜமாகவே தொட்டாள், உள்ளங்கையை அவள் தலையில் படுக்கவைத்துப் பார்த்தேன், கோடு, ஒரு மயிரிழை கூடத் தவறவில்லை. அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன், வண்டி முழுக்க அதைக் காட்டிக்கொண்டு நடந்தாள், "கல்யாணப் பத்திரிகை வைக்கிறா பாருய்யா" என்று டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். ஸ்டாஃப் பிள்ளைதானே, விடுங்க கண்டக்டரே என்று தினம் வண்டியில் வருகிற ஆபீஸ்காரர்கள் சொல்வார்கள். என் வீட்டுக்கு ஒரு கோடு ஊருக்கு ஒரு கோடா என்று கேட்பேன், அப்படிக் கேட்கிறபோது நெஞ்சு ஒரு சாண் உயரும் எனக்கு. படிப்பில்லை, சொத்தில்லை, இது ஒன்று இருந்தது.

அப்புறம் இவன் முறை. ஆறு வயது, மளமளவென்று வளர்ந்தான், அக்காவைவிட உயரமாக வருவான் என்று டிரைவர் அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார். பள்ளி திறந்த அன்று, புது யூனிபார்ம், தோளில் பை, ஏறினான். கம்பியோடு நின்றான். தலை கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே. நான் தலையைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தேன், இடது முழங்கால் மடங்கியிருந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும், ஊரெல்லாம் பிடிக்கிறவன் வீட்டிலேயே ஒரு கள்ளன்… "டேய், நேரா நில்லுடா" என்று குனிந்து முழங்காலில் உள்ளங்கையை வைத்து ஒரே தள்ளு. தலை போய்க் கோட்டில் இடித்தது. "கண்டக்டர் வீட்டுப் பயலே ஓசிப் பயணமா?" என்று அரை டிக்கெட்டைக் கிழித்து அவன் பையில் சொருகினேன். வண்டியே சிரித்தது. அவன் வாய் அழுகிறதற்குக் கோணியது, கண்ணில் தண்ணி முட்டிவிட்டது, சுற்றிப் பார்த்தான், எல்லாரும் சிரிக்கிறார்கள், அவனும் சிரித்தான். கண்ணில் தண்ணியோடு சிரித்தான்… அந்தச் சிரிப்பை நான் அன்றைக்கு எப்படி எடுத்துக்கொண்டேன் என்றால், மாட்டிக்கொண்டவன் சிரிப்பு, அசட்டுச் சிரிப்பு. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பேர் முகத்தில் பார்த்திருப்பேன்.

மறுநாளும் மடக்கினான். அதற்கு மறுநாளும். தினம் காலை எட்டே காலுக்கு அது ஒரு கூத்தாகிவிட்டது, ஆபீஸ்காரர்கள் காத்திருப்பார்கள், "என்னய்யா பீப்பீ, இன்னைக்குத் தப்பிச்சிடுவியா?" என்பான் பேங்க் குமாஸ்தா ஒருத்தன், "ம்ஹூம், அப்பா விட மாட்டாரு" என்று அவனே சொல்லிக்கொண்டு போய்க் கம்பியில் நிற்பான், நான் குனிவேன், தள்ளுவேன், அவன் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். டிரைவர் அண்ணன் ஒரு நாள் டீக்கடையில் வைத்துச் சொன்னார், "கண்டக்டரே, பையன் எறங்கிப் போறப்ப பாத்தேன், ஒரு மாதிரி சாய்ஞ்சு நடக்குறான், என்னான்னு பாரு." நான் என்ன சொன்னேன்… "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறான்ணே, உங்களுக்குத் தெரியாது, நான் தினம் பாக்குறவன்." அவளும் சொன்னாள், சாயங்காலமானால் முட்டி வலிக்குது என்கிறான், படியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து இறங்குகிறான் என்று. சேதி. எனக்குச் சேதியில் நம்பிக்கை கிடையாதே, கூப்பிட்டு நிறுத்தினேன், "எங்கே, நடந்து காட்டு." நடந்தான், எனக்குப் பயந்துகொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்து காட்டினான், "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்றேன் அவளிடம். ஒரு பள்ளி வருஷம். திறந்த நாளிலிருந்து பரீட்சை லீவு வரைக்கும். ஞாயிறும் லீவும் போக எத்தனை காலை… எண்ண வேண்டாம், எண்ணத் தெரிந்தவன்தான் நான், எண்ண வேண்டாம்.

தபாலாபீஸ் ஸ்டாப் போய்விட்டது, நான் பார்க்கவே இல்லை. பழைய சீட்டு வியர்வையில் ஊறியிருக்கும்.

லீவில் ஒரு நாள் எனக்கு வார ஓய்வு, அவளுக்குக் காய்ச்சல், பிள்ளைகளை நான்தான் குளிப்பாட்டினேன். எத்தனையோ வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பீப்பீயை நிறுத்திச் சோப்புப் போட்டேன், எதையோ பாடிக்கொண்டு நின்றான், தண்ணியைக் கையால் அடித்துக்கொண்டு, என்னைக் கவனிக்கக் கூட இல்லை. காலுக்குச் சோப்புப் போடக் குனிந்தேன். இடது முழங்கால் மடங்கியிருந்தது. குதிகால் தரையில் படவில்லை. அங்கே கம்பி இல்லை, கோடு இல்லை, ஆபீஸ்காரன் இல்லை, டிக்கெட் கேட்க ஆளில்லை, அந்த நாலுக்கு நாலு குளியலறையில் அவன் யாரை ஏமாற்றுவான்… சோப்பு என் கையிலிருந்து நழுவிச் சாக்கடை ஓட்டைப் பக்கம் போனது, அவன் அதை எடுக்க எட்டிப்போனான், நொண்டிக்கொண்டு போனான், நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். தொடையைத் தொட்டுப் பார்த்தேன், இடது தொடை வலதைவிடச் சூம்பியிருந்தது, ஒரு கைப்பிடிக்குள் வந்துவிட்டது. "அப்பா, தள்ளப் போறீங்களா?" என்று கேட்டான். முழங்காலை இறுக்கிக்கொண்டு தயாராக நின்றான்.

அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடினேன், இதே எலும்பு ஆஸ்பத்திரி, அப்போது ஓட்டுக் கட்டடம். படம் எடுத்தார்கள். இடுப்புக்குள்ளே எலும்பின் தலை ரத்தமில்லாமல் நைந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர், சின்னப் பையன்களுக்கு எதனாலென்றே தெரியாமல் வருமாம், இடுப்பில் நோவு, முட்டியில் வலிக்கும், ஆரம்பத்திலேயே பாரம் ஏற்றாமல் படுக்கப் போட்டிருந்தால் உருண்டையாகத் திரும்ப வளர்ந்திருக்கும், இப்போது தட்டையாகிவிட்டது. "எவ்வளவு நாளா நொண்டுறான்?" என் பக்கத்தில் அவள் காய்ச்சலோடு நிற்கிறாள். நான் சொன்னேன், "பத்து நாளா சார்." அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. சாகிறவரைக்கும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதன் பிறகு பிள்ளைகள் பற்றிய சேதியை வாசலில் நின்று எனக்குச் சொல்வதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான் செய்தாள். இரண்டு வருஷம் காலில் இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு கிடந்தான், அக்காக்காரி அவன் பையையும் சேர்த்துச் சுமந்தாள், பால்பல் விழுந்தது, சைக்கிள் விட முடியாமல் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கற்றுக்கொண்டான், முதல் மீசை, வேலை, கல்யாணம், எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது, எதையும் நான் காட்டு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன், எனக்கு நானே போட்டுக்கொண்டது. பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும், அப்பா திடீரென்று எதையும் பார்க்காமல் போனது… அதை ஏன் இப்போதுதான் நினைக்கிறேன்.

"தாத்தா, எலும்பாஸ்பத்திரி, மெதுவா எறங்குங்க" என்று கண்டக்டர் பெண் ஒரு பீ கொடுத்தாள். அந்தப் பையன் எனக்கு வழி விட்டு நகர்ந்தான், இரண்டு காலும் நேராக, தலை கோட்டைத் தாண்டியிருந்தது, என்னைப் பார்த்தவுடன் சட்டென்று மடக்கினான். நான் படியைப் பார்த்து இறங்கினேன்.

மகன் வாசலில் நின்றுகொண்டிருந்தான், கைத்தடி, காதோரம் நரை. "சாப்பிட்டீங்களாப்பா, சீட்டு கெடச்சதா?" என்றான். தலையை ஆட்டினேன், எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே டாக்டர், என் பிள்ளையைவிட வயதில் சின்னவர். நர்ஸ் அவனைச் சுவரோரம் கூப்பிட்டாள், சுவரில் உயரம் பார்க்க அளவுப் பட்டை ஒட்டியிருக்கிறது, கீழிருந்து மேல் வரை கோடு கோடாக. "நேரா நில்லுங்க சார்." அவன் நர்ஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். முழங்காலை இறுக்கினான். டாக்டர் என்னிடம், "பெரியவரே, இவருக்கு எப்ப ஆரம்பிச்சது, எவ்வளவு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். கை சட்டைப் பைக்குப் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், சுவரோடு நின்றபடி, "ஒருவகையில நானே கெடுத்துக்கிட்டதுதான் டாக்டர். அப்பா கண்டக்டர். டிக்கெட் எடுக்காம போகணும்னு தினமும் இந்தக் காலைத்தான் மடக்கி மடக்கி நிப்பேன், ஒரு வருசமா. அப்பா பாவம், தினமும் நேரா நில்லுடா நேரா நில்லுடான்னு சொல்வாரு, நான் கேக்கல. அதுல எலும்பு கோணிடுச்சுன்னு நெனைக்கிறேன்." டாக்டர் சிரித்தார், "அதனாலெல்லாம் வராதுங்க" என்றார். அவன் அதை நம்பின மாதிரி தெரியவில்லை.

சீட்டை எடுக்கவில்லை. "அவன் மடக்கலை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன், "அவன் மடக்கலை சார். கால் நீட்ட முடியல அவனுக்கு. ஒரு வருசம். நான் தள்ளுனேன். பத்து நாள்னு பொய் சொன்னேன்." டாக்டர் பேனா நின்றது. பிள்ளை என்னைப் பார்த்தான், கோபமில்லை, வயதான ஆளைப் பார்க்கிற பார்வை, "இல்லப்பா, உங்களுக்கு மறந்துபோச்சு. மடக்குனேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, பஸ்ஸே சிரிக்கும்." அப்புறம் டாக்டரிடம் மெதுவாக, "நான் சொல்றதை எழுதிக்கோங்க டாக்டர், அவருக்கு வயசாயிடுச்சு" என்றான்… டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். நான் அவர் இடத்தில் இருந்தால் யாரை நம்பியிருப்பேன். ஒருத்தர் பேச்சையும் நம்பாமல் காலம் தள்ளினேன், இவன் ஒருத்தன், தன் காலுக்குத் தெரிந்ததைவிட நான் சொன்னதை நம்பி முப்பத்தைந்து வருஷம்… அவன் இன்னும் சுவரோடுதான் நிற்கிறான், குதிகாலைத் தரையில் தொடவைக்க அழுத்திக்கொண்டு, நர்ஸ் அளந்து முடித்துப் போய்விட்டாள், போதும், வந்து உட்காருடா என்று யாராவது சொல்ல வேண்டும், யார் சொன்னால் அவன் கேட்பான்…